சங்கிலியை அடகு வைக்க வேண்டாம்

சென்ற மாதம் ஓர் இரவு லுணுகலையிலிருந்து தொலைபேசி வந்தது. என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன். "மாமா, ஒரு ஃபஸ் வாங்கணும்" என்றான். நான் திடுக்கிட்டுப் போனேன். பசறையிலிருந்து வளைந்து நெளிந்து ஏறும் அந்தத் தெருவில் ஓட்டுவதற்கு இவனுக்கு எதற்கு பஸ், அதற்கு எந்த வங்கி கடன் கொடுத்தது என்றெல்லாம் மனம் ஓடிற்று. நம் எழுத்தில் ஆய்தத்தைப் போட்டு 'ஃபஸ்' என்று எழுதினால்தான் வேறுபாடு தெரியும். தொலைபேசியில் ஆய்தம் கேட்காது. அவன் கேட்டது மின்கிட்டாரின் ஒலியைக் கரகரக்கச் செய்யும் சிறு பெட்டியை. காலால் மிதித்து இயக்குவதால் பெடல் என்கிறார்கள்.

இவன் ஹொப்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். நான்கு நண்பர்களோடு இசைக்குழு வைத்திருக்கிறான். மாரியம்மன் திருவிழா, கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, பாடசாலை ஒளிவிழா எதையும் விடுவதில்லை. பழைய திரைப்பாடல், பைலா, இடையிடையே தாங்களே கட்டிய பாட்டு. ஒரே பெடலில் எல்லாச் சத்தமும் வரவேண்டும் என்பது அவனது நிபந்தனை. கொழும்பில் ஒரு கடைக்காரர், பெயர் வேண்டாம், ஒரு வெளிநாட்டுப் பெட்டியைக் காட்டியிருக்கிறார். எட்டுத் திருகிகள், நான்கு விசைகள். "தம்பி, இதை வாங்கினால் வாழ்நாளில் வேறொன்றும் வாங்கத் தேவையில்லை" என்றாராம். விலை ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மா சங்கிலிய வைக்கிறேன்னு சொல்லிருச்சு மாமா" என்றான்.

இந்தப் பத்தியை எழுதவைத்தது அந்த ஒரு வாக்கியந்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் அது 1,550 ஆக அறிவிக்கப்பட்டு, வருகைக்கான ஊக்குவிப்பு 200 சேர்த்து 1,750 என்று சொல்லப்பட்டது. அந்தக் கூடிய தொகையிலேயே கணக்கிட்டாலும் கடைக்காரரின் பெட்டி 63 நாட் கொழுந்து. பழைய கணக்கில் 81 நாளுக்கும் மேல். இது ஒரு சதமேனும் சாப்பிடாமல், சேமலாப நிதிக்கும் சங்கத்துக்கும் கடைக்கடனுக்கும் பிடிக்காமல், ஒரு நாளாவது கிலோ குறைந்து அரைப்பேர் விழாமல் இருந்தால். என் தங்கை அட்டைக்கடி வாங்கிக்கொண்டு மலைச்சரிவில் நின்று பறிக்கும் மூன்று மாதத்தை எட்டுத் திருகிகளுக்குள் அடைத்துவிடலாம் என்று ஒரு வியாபாரி கூசாமல் சொல்கிறார். அதை நம்புவதற்கு நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எனக்கு இசையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முப்பது வருடத்துக்கு மேலாகப் பத்திரிகையில் குப்பை கொட்டியவன் நான். இளமையில் பல்கலைக்கழக விடுதியில் இரவல் கிட்டாரில் நான்கு கோர்ட் பழகியதோடு சரி. ஆனால் விற்பவன் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளப்பது என் தொழில். ஒரு கிழமை தேடிப் படித்தேன். திறமையுள்ள இரண்டு கிட்டார் கலைஞர்களைத் தொந்தரவு செய்தேன். பதுளையில் எனக்குத் தெரிந்த வானொலி திருத்துபவர் ஒருவரின் மேசையருகே அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

ஃபஸ் என்பது ஒரு பழுது. அலங்காரமாகச் சொல்லவில்லை, வரலாறே அதுதான். அமெரிக்காவின் நாஷ்வில்லில் மார்ட்டி ரொபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொரி' பாடல் ஒலிப்பதிவானபோது, ஒலிக்கலவை மேசையின் ஒரு பாதை பழுதடைந்து, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டாரின் ஒலி கிழிந்து வந்தது. அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். பாடல் வெற்றி பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி அந்தப் பழுதை ஒரு சிறு மின்சுற்றில் மீண்டும் உண்டாக்க வழி கண்டார். கிப்சன் நிறுவனம் அதை 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் சந்தைக்கு விட்டது.

இனித்தான் வேடிக்கை. அந்த முதலாவது பெட்டியை எப்படி விளம்பரம் செய்தார்கள் தெரியுமா? இதை மிதித்தால் உங்கள் கிட்டார் ட்ரம்பெட் ஆகும், டியூபா ஆகும், செலோ ஆகும் என்று! ஆக, 'ஒரே பெட்டியில் எல்லாம்' என்ற சரக்குக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சனங்கள் நம்பவில்லை. ஆரம்ப உற்சாகம் வடிந்ததும் விற்பனை படுத்துவிட்டது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சடிஸ்ஃபக்ஷன்' வந்த பிறகுதான் கடைகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதிலுங்கூட கீத் ரிச்சர்ட்ஸ் பின்னால் வரப்போகும் ஊதுகுழல்களுக்கு இடம்பிடித்து வைக்கவே அந்த ஃபஸ் இழையை வாசித்தார். ஊதுகுழல் வரவில்லை, இடம்பிடித்ததே நிலைத்துவிட்டது. அதே ஆண்டில் ஓட்டிஸ் ரெடிங் அந்தப் பாட்டை உண்மையான ஊதுகுழல்களோடு பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஃபஸ் ட்ரம்பெட்டைப்போல ஒலிக்கவேயில்லை. தன்னைப்போல ஒலித்தது. உலகம் அதற்காகத்தான் அதை ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் பலவிதமாகப் பயன்படும் ஃபஸ் என்று ஒன்று கிடையாதா? உண்டு. ஆனால் அந்தப் பன்முகம் பெட்டியின் முகத்திலுள்ள திருகிகளில் இருப்பதாக எண்ணுவதுதான் பிழை. 1966இல் இலண்டனில் ஐவர் ஆர்பிட்டர் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமான உலோகப் பெட்டி, இரண்டே திருகிகள். உள்ளே இரண்டு ட்ரான்சிஸ்டர், நான்கு மின்தடை, மூன்று கொள்ளளவி. அவ்வளவுதான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பிரளயம் எழுப்பியது இந்தத் தரித்திரப் பெட்டியை வைத்துத்தான். சூட்சுமம் எங்கே இருக்கிறதென்றால், கிட்டாரிலேயே உள்ள ஒலியளவுத் திருகியில். முழுவதுமாகத் திறந்தால் இடி. முக்காலுக்குக் குறைத்தால் கரகரப்பு இளகி, பாடகரின் தொண்டைபோல ஆகிறது. அரைக்குக் குறைத்தால் ஏறக்குறைய தூய ஒலி, ஓரத்தில் மட்டும் ஒரு மினுக்கம். பெடலை மிதிக்கவே தேவையில்லை, வலது கைச் சுண்டுவிரல் போதும். பைலாவின் தாளக்கட்டுக்கு ஒன்று, சோகப் பாட்டின் இடையிசைக்கு ஒன்று, கடைசிப் பாட்டுக்கு ஒன்று. ஒரு பெட்டியை வாங்குமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, கிட்டாரில் ஒலியைக் குறைக்கும்போது இது தெளிகிறதா என்பதே. எட்டுத் திருகிப் பெட்டிகளில் பல இந்தச் சோதனையில் விழுந்துவிடுகின்றன. எவ்வளவு குறைத்தாலும் அதே தேனீக்கூடு, சத்தம் மட்டும் சிறியதாக.

இந்தக் குணம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. கிட்டாரின் கம்பிச்சுருளுக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவே வேறெந்தப் பெட்டியும் நிற்கக்கூடாது. கிட்டாரிலிருந்து வரும் வயர் நேராக ஃபஸ்ஸுக்குள் போகவேண்டும், மற்றவையெல்லாம் அதன் பின்னால். இந்த ஒரு வரியைச் சொல்லாமலே பெட்டி விற்கிறார்கள். வாங்கியவன் அதைக் கடைசியில் மாட்டிவிட்டு, சத்தம் கீச்சிடுகிறது என்று இன்னொரு பெட்டி வாங்கப் போகிறான்.

அடுத்தது ஜெர்மேனியமா சிலிக்கனா என்ற சமயச் சண்டை. ஆதிப் பெட்டிகள் ஜெர்மேனிய ட்ரான்சிஸ்டரால் ஆனவை. அறுபதுகளின் இறுதியில் சிலிக்கன் வந்தது. ஜெர்மேனியமே இனிமையானது, இதமானது, மற்றதெல்லாம் தகரம் என்று ஒரு கூட்டம் பஜனை பாடுகிறது. பழைய சரக்கு என்பதற்காகவே மும்மடங்கு விலை. ஒலியில் வேறுபாடு இருக்கிறதா என்றால் இருக்கிறது, நானே கேட்டேன். ஜெர்மேனியம் சற்று மென்மை. கிட்டாரில் குறைக்கும்போது அழகாகத் தெளிகிறது. சிலிக்கன் கூர்மை, உரப்பு அதிகம், சில வேளை வானொலி நிலையத்தையும் இழுத்துவந்து அம்மன் சந்நிதியில் விளம்பரம் கேட்கவைத்துவிடும். ஆனால் இந்தப் பஜனைக் கோஷ்டிக்கு லுணுகலை எங்கே இருக்கிறதென்று தெரியாது.

ஏ5 பெருந்தெருவை அறிந்தவர்களுக்குத் தெரியும். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, அங்கிருந்து இறங்கிப் பிபிலை, மகா ஓயா, செங்கலடி. மார்கழியில் லுணுகலை மேடையில் விரல் விறைக்கும். அதே குழு அடுத்த கிழமை மட்டக்களப்புப் பக்கம் கச்சேரிக்கு இறங்கினால் சட்டை முதுகோடு ஒட்டும். ஜெர்மேனியத்தில் ஒழுகும் மின்னோட்டம் பத்துப் பாகை செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ இருமடங்காகிறது. மலையில் இழைத்த பெட்டி சமவெளியில் அடைத்துப்போய்த் துப்பும். வெள்ளைக்காரர்களே பழைய பெட்டிகளைக் குளிரவைத்து வாசித்த கதைகள் உண்டு. மேடைக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டிக்கு எங்கே போவான் இவன்?

அத்தோடு இன்னொரு வில்லங்கம். பழைய பாணி ஜெர்மேனியப் பெட்டிகள் பலவற்றில் மின்சாரத்தின் நேர்முனைதான் தரையிணைப்பு. மற்றப் பெட்டிகளுக்கெல்லாம் எதிர்முனை. நம் குழுக்கள் செய்வதுபோல ஒரே ஒன்பது வோல்ற் அடாப்டரில் நான்கு பெட்டியைக் கோர்த்தால் குறுக்குச்சுற்றாகிவிடும். இதற்கென்று தனி மின்வழங்கியோ பற்றரியோ வேண்டும். சிலிக்கனில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஃபஸ் சொற்ப மின்சாரமே குடிக்கும் என்பதால் ஒரு பற்றரி பல கச்சேரிக்கு வரும். 2022 மார்ச்சில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரத்தை வெட்டிய நாட்டில் இருந்துகொண்டு இதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

பிக் மஃப் எப்படி என்று பையன் கேட்டான். 1969இல் நியூயோர்க்கில் மைக் மத்தியூஸின் எலெக்ட்ரோ-ஹார்மொனிக்ஸ் நிறுவனம் தொடங்கிவைத்த பெட்டி. நான்கு ட்ரான்சிஸ்டர், மூன்று திருகி. சுரம் நீண்டு நிற்கும், சந்தேகமில்லை. இன்றைய சிறிய வடிவம் நூறு டொலர் அளவில் கிடைக்கிறது. இங்கே வரி சேர்ந்து முப்பதாயிரத்துக்கு மேலாகும். அறையில் தனியே வாசிக்கும்போது கோபுரம் எழும்புவதுபோல இருக்கும். ஆனால் நடு அலைவரிசையைக் குழிபறித்து வைத்திருக்கிறார்கள். நம் கோயில் மேடையில் என்ன நடக்கும்? கீபோர்ட் ஒருபுறம், ட்ரம்ஸ் ஒருபுறம், மரத்தில் கட்டிய ஹோர்ன் ஸ்பீக்கர். அந்த ஹோர்ன் கடத்துவதே நடு அலைவரிசையைத்தான். நடுவில்லாத கிட்டார் அதனூடே காணாமற் போய்விடும். இவன் கண்ணை மூடி உருகி வாசிப்பான், கீழே நிற்பவனுக்குக் கீபோர்ட் மட்டும் கேட்கும். அறைக்குள் கேட்டு மயங்கி வாங்காதே என்றேன்.

இவ்வளவும் கடைக்காரரோடு. இனி எனக்கு இன்னொருவரோடு வழக்கு இருக்கிறது.

இந்த விடயத்தை ஒரு நண்பர் வட்டத்தில் பேசியபோது, மலையகப் பண்பாடு பற்றி அடிக்கடி மேடையேறும் ஒருவர் முகஞ்சுளித்தார். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்த இரைச்சல்? நமக்குத் தப்பு இருக்கிறது, காமன் கூத்து இருக்கிறது. இது அந்நியச் சத்தம்" என்றார். தப்பின்மேல் திடீர்க் காதல்! தப்படித்தவரை எங்கே உட்கார வைத்தார்கள், எந்தக் குவளையில் தேநீர் கொடுத்தார்கள் என்பதை அதே தோட்டத்தில் வளர்ந்த என்னிடம் சொல்ல வேண்டாம். அதை அப்பிள்ளைகளின் தலையில் கட்டிவிட்டு, தம் பிள்ளைகளைக் கொழும்பில் பியானோ வகுப்புக்கு அனுப்புகிறவர்களின் பண்பாட்டுக் கவலை எனக்குப் புரிவதில்லை.

சத்தம் அந்நியமா? தம்புராவின் பாலத்தில், தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகுகிறார்களே, ஜீவா என்று அதற்கு எவ்வளவு அழகான பெயர்! அந்த நூல் இல்லாவிட்டால் தந்தி வெறுமனே 'டங்' என்று சாகும். நூல் இருந்தால் இரைகிறது, மேற்சுரங்களெல்லாம் எழுந்து ரீங்கரிக்கின்றன. தந்தியின் தூய ஒலியைத் திட்டமிட்டுக் கெடுத்து உயிரூட்டும் வேலைதான் அது. ஃபஸ் செய்வதும் அதே வகை வேலை, மின்சாரத்தால். உறுமியின் முனகல் என்ன தூய சுரமா? நாகசுரத்தின் சீவாளியிலிருந்து கிளம்புவது புல்லாங்குழல் ஒலியா? கரகரப்பில் இனிமை காண்பதற்குத் தமிழ்க் காதுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. தப்பையே பாருங்கள். பனியில் தோல் தளர்ந்துபோனால் வைக்கோலோ குப்பையோ மூட்டி அனலில் காட்டி முறுக்கேற்றுவார்கள். வெப்பத்துக்கேற்பச் சுருதி மாறும் கருவியோடு பரம்பரை பரம்பரையாகப் பழகியவர்களின் பேரன், ஜெர்மேனியத்தின் காய்ச்சலைக் கேட்டு மிரளமாட்டான்.

கிட்டார் ஊவாவுக்கு அந்நியமென்பதும் பொய். இந்நாட்டுச் சிங்கள மெல்லிசையில் மின்கிட்டாரை நடுநாயகமாக்கியவர் யார்? கிளரன்ஸ் விஜேவர்தன. பிறந்தது 1943இல், அப்புத்தளையில். நம் மலை! அன்ஸ்லி மாலேவனவோடு சேர்ந்து அறுபதுகளின் நடுப்பகுதியில் அவர் தொடக்கிய மூன்ஸ்டோன்ஸ் குழுவுக்கு முன்னும் பின்னும் என்று அந்த இசையின் வரலாற்றைப் பிரிக்கலாம். அவருக்கும் அன்று இதே முகச்சுளிப்புத்தான் கிடைத்தது. 1996இல் அவர் மறைந்தபோது முகஞ்சுளித்த பத்திரிகைகளே பக்கம் பக்கமாக அஞ்சலி எழுதின. தமிழில் எழுபதுகளின் பொப்பிசையை எடுத்துக்கொண்டால், நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் எங்கள் பெரியவர்கள் என்னவெல்லாம் ஏசினார்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. 'சுராங்கனி' கடல் தாண்டித் தமிழகத்தையே ஆட்டிய பிறகு, ஏசியவர்கள் 'எங்கள் பொப்பிசை' என்று பெருமை பேசத் தொடங்கினார்கள். ஒப்புக்கொள்ளவேண்டும், பத்திரிகைக்கு வந்த புதிதில் நானும் அந்த ஏச்சுக்காரர் பக்கம் நின்று இரண்டொரு பத்தி எழுதியவன்தான். அவை எவர் கண்ணிலும் படாதிருக்கட்டும்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்?

கடைக்குப் போகாதே, பதுளைக்குப் போ என்றேன். மேலே சொன்ன வானொலி திருத்துபவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. கைத்தொலைபேசி வந்த பிறகு அவரிடம் வானொலி கொண்டுவருவார் யாருமில்லை. ஃபஸ் ஃபேஸின் மின்சுற்றுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு காசு?" என்று சிரித்தார். ஒரு பிஸ்கட் தகரத்திலிருந்து பழைய ஏசி128 ட்ரான்சிஸ்டர்களை எடுத்து மேசையில் பரப்பினார். அறுபது, எழுபதுகளின் வானொலிப் பெட்டிகளில் இருந்தவை. லயக் காம்பராக்களில் எங்கள் பெற்றோர் இலங்கை வானொலி கேட்ட அதே வகைப் பெட்டிகள். அமெரிக்காவில் 'அபூர்வ ஜெர்மேனியம்' என்று சொல்லி விலை ஏற்றுகிறார்களே, அந்த இனத்துச் சரக்கு. மயங்கவேண்டாம், எல்லாம் உதவாது. ஒவ்வொன்றாக அளந்து, ஒழுக்குக் குறைந்ததும் பெருக்கம் மட்டானதுமாகச் சோடி பார்க்க வேண்டும். நாங்கள் அளந்த பதினொன்றில் தேறியவை மூன்று.

ஆனாலும் பையனுக்கு முதலில் சிலிக்கனில் கட்டச் சொன்னேன். பிசி108 போதும். இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் மின்னழுத்தத்தை வெளியிலிருந்து திருத்த ஒரு மூன்றாவது திருகியும் வைக்கச் சொன்னேன். பிபிலைக்கு இறங்கினாலும் பண்டாரவளைக்கு ஏறினாலும் காதால் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம். அதைச் சிறிது பட்டினி போட்டால் ஒலி உடைந்து, அறுந்த ஸ்பீக்கர்போலத் தெறிக்கும் என்பதால் அதுவும் ஒரு சத்தக் கணக்கில் சேரும். வானொலி நிலையம் நுழையாமலிருக்க உள்வாயிலில் ஒரு சிறு கொள்ளளவி. பெட்டிக்கு அலுமினியம் கிடைக்காததால் டோர்ச் லைற் உதிரிகள் போட்டுவைத்திருந்த தகர டப்பா. உதிரிகள், விசை, கூலி எல்லாமாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். கூலியை அவர் வாங்க மறுத்தார், நான் வற்புறுத்தினேன்.

கடையில் வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. கையில் காசுள்ளவர்கள், புலம்பெயர் நாடுகளில் நல்ல வேலையில் இருப்பவர்கள் தாராளமாக வாங்குங்கள். வாங்குமுன் உங்கள் கிட்டாரையே கொண்டுபோய் மாட்டி, சுண்டுவிரலால் ஒலியைக் குறைத்துப் பாருங்கள். உங்கள் குழுவோடு சேர்த்து வாசித்துக் கேளுங்கள். என் சண்டை, வாழ்நாள் முழுவதற்கும் ஒரே பெட்டி என்று ஒரு தாயின் கழுத்தைப் பார்த்துச் சொல்கிறவர்களோடு.

கடந்த வெள்ளிக்கிழமை பணிய கணக்குக் கோயில் திருவிழாவில் அது முதன்முதலாக மேடை ஏறியது. தங்கை கைத்தொலைபேசியில் சிறிது தூரம் கேட்கவைத்தாள். ஹோர்னின் இரைச்சலையும் சனங்களின் கூச்சலையும் தாண்டி அந்தக் கரகரத்த கிட்டார் வந்தது. பிறகு அவன் குறைத்திருக்க வேண்டும், பாட்டின் நடுவே குரலுக்கு அடியில் மெல்லப் படுத்துக்கொண்டது. "சங்கிலி கழுத்திலதான் கெடக்கு அண்ணே" என்றாள், நான் கேட்காமலே.

மறுநாட் காலையில் பையன் பதறிக்கொண்டு அழைத்தான். பெட்டி செத்துவிட்டதாம், வெளிச்சமே இல்லையாம். இரவு கச்சேரி முடிந்ததும் கிட்டார் வயரைப் பெடலிலிருந்து கழற்றினாயா என்று கேட்டேன். இல்லை என்றான். உள்வாயிலில் வயர் செருகியிருக்கும்வரை பற்றரி ஓடிக்கொண்டேதான் இருக்கும். புதுப் பற்றரி ஒன்று வாங்கிப் போடச் சொல்லிவிட்டு வைத்தேன்.